கிள்ளிய கணு

ஆடி, மூன்றாம் வாரம்

போன வியாழக்கிழமை ராத்திரி இடியோடு ஒரு மழை. இன்று காலை பார்த்தால் பக்கத்து மனையில் தரை தெரியவில்லை. பக்கத்து மனை என்றாலும் அதுவும் என்னுடையதுதான். ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கல் நட்டு விற்றபோது இரண்டாகச் சேர்த்து வாங்கினோம். ஒன்றில் வீடு. மற்றது மகளுக்கு என்று வைத்தது. மகள் கோயம்புத்தூரில் வீடு வாங்கிக்கொண்டாள். நான் வருஷா வருஷம் காலிமனை வரி கட்டுகிறேன்.

காலி என்பது ரசீதில் உள்ள சொல். முட்டி மடக்கி உட்கார்ந்து பார்த்தேன். சாரணை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, கீழாநெல்லி, குப்பைமேனி. சுவரோரம் முடக்கத்தான் இரண்டே இலையோடு நிற்கிறது. எதையும் நான் விதைக்கவில்லை. நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே புல்.

வீடு கட்டும்போது இந்த மனையையும் மேடாக்க லாரி லாரியாகச் சவுடு அடித்தோம். சவுடு என்றால் ஏரியில் வெட்டிய மண். மண்ணுக்குத்தான் காசு கொடுத்தோம். விதைகள் சும்மா வந்தன. முதல் மழைக்கே கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் தலைகாட்டின. ஏரிக்கரைச் செடிகள் இங்கே எப்படி என்று கொத்தனாரிடம் கேட்டேன். "ஏரியே இங்கதானே சார் இருக்குது" என்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

ஆடி, அமாவாசைக்கு மறுநாள்

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பஸ்ஸில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே போனால் ஒரு தோட்டத்துக்குள் போகிற மாதிரி இருக்கும். வேப்பம்பட்டு. மாங்காடு. காட்டுப்பாக்கம். திருவேற்காட்டில் வெள்வேல மரம் தல விருட்சம். ஊர்ப் பெயரே அந்தக் காட்டிலிருந்து வந்தது. பூவிருந்தவல்லியைப் பூந்தமல்லி ஆக்கிவிட்டோம், ஆனாலும் உள்ளே பூ இருக்கிறது.

எங்கள் திருமுல்லைவாயிலின் கதை எல்லாருக்கும் தெரியும். தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் வெட்டினான். வெட்டு உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் விழுந்து ரத்தம் வந்தது. மாசிலாமணீசுவரர் கருவறைக்கு முன்னால் எருக்கந்தூண்கள் இரண்டு நிற்பதை இன்றும் பார்க்கலாம். சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது யானை. இப்போது அந்த வாளைப் பற்றியே யோசிக்கிறேன். கொடியை விலக்க எத்தனையோ வழி இருந்திருக்கும்.

ஆவணி, முதல் ஞாயிறு

பெயர் தெரிந்தால் செடி தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சாரணை என்று இங்கே சொல்வது சிறிது தடித்த வட்ட இலை. எதிரெதிராக இரண்டு இலை, அதில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஓரத்தில் செவ்விளிம்பு. இன்னோர் ஊரில் அதே பெயரை மூக்கிரட்டைக்குச் சொல்கிறார்கள். இரண்டும் தரையில் படரும். மூக்கிரட்டையின் இலை அடிப்பக்கம் வெளுத்திருக்கும், பூ சின்னஞ்சிறு ஊதாச் சிவப்பு, வேர் கிழங்கு மாதிரி ஆழமாக இறங்கும். பருப்புக்கீரைக்கும் தரையில் படரும் பால் பூண்டுகளுக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. தண்டை ஒடித்தால் தெரிந்துவிடும். பால் வந்தால் அது கீரை இல்லை, கையைக் கழுவு.

ஒடித்துப் பார், முகர்ந்து பார், பூ வரும்வரை பொறுத்திரு. ஒரு செடியை ஒரு வருஷம் முழுக்கப் பார்க்காமல் சட்டியில் போடுவதில்லை என்பது என் வழக்கம். குன்றிமணியும் அரளியும் ஊமத்தையும் ஆமணக்கும் இதே தெருவில்தான் இருக்கின்றன. ஒரு வருஷம் தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மணத்தக்காளி விஷயம் வேடிக்கை. அதன் பச்சைக் காயை வெளிநாட்டுப் புத்தகங்கள் நஞ்சு என்று எச்சரிக்கின்றன. நாம் அதே காயை மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்து வற்றல் குழம்பு வைக்கிறோம். எந்தச் செடியை எப்படிச் சமைக்க வேண்டும் என்பதும் செடியின் பெயரோடு சேர்ந்த அறிவுதான். பெயரை மட்டும் கற்றுக்கொண்டவன் பாதி கற்றவன்.

ஆவணி, பௌர்ணமி

ஆயாவைப் பற்றி எழுத வேண்டும்.

சுவர் கட்டுவதற்கு முன்னால் மனைக்கு மூங்கில் தட்டியும் முள்ளும்தான் வேலி. ஒரு மூலையில் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி. வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் ஓர் ஆயா வருவார். இடுப்பில் பழைய சிமெண்டுச் சாக்குப் பை. கேட்காமல் வருவார், கேட்காமல் பறிப்பார், சொல்லாமல் போவார். எனக்கு அது ஆரம்பத்தில் உறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தவணை கட்டி வாங்கிய மனை.

ஒருநாள் அவர் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு செடிகூட வேரோடு வரவில்லை. குப்பைக்கீரையில் உச்சி மட்டும் இல்லை. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு மூன்று கணு அப்படியே இருந்தது. கத்தி இல்லை, அரிவாள் இல்லை. நகம். கிள்ளிய இடம் சுத்தமாக, நசுங்காமல் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பிடித்தவன் நான். ஒரு வெட்டு நல்ல வெட்டா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "ஏன் ஆயா, அடியோட எடுத்தா பை சீக்கிரம் ரொம்புமே?"

"வேரோட புடுங்கிட்டா அடுத்த வாரம் எங்க தம்பி போவேன்? மூணு கணு வுட்டா அதுபாட்டுக்கு வந்துகினே இருக்கும்."

லேத்தில் கழித்த இரும்பு கழித்ததுதான். ஒரு நூல் அதிகம் போய்விட்டால் அந்தப் பீஸ் குப்பைக்கு. இங்கே கழித்த இடத்தில் இரண்டாக வருகிறது. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உச்சி மொட்டு ஆக்சின் என்ற பொருளைக் கீழே அனுப்பி, கணுக்களில் உறங்கும் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. உச்சியைக் கிள்ளினால் அந்த அடக்குமுறை தளர்ந்து பக்க மொட்டுகள் எழுந்துகொள்ளும். ஆயாவுக்கு ஆக்சின் தெரியாது. அடுத்த வாரம் தெரியும்.

ஆவணி, அதே வாரம்

புறநானூற்றில் 159ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வீட்டு வறுமையைச் சொல்வது. அதில் அவர் மனைவி கீரை பறிக்கிறாள். குப்பையில் முளைத்த கீரை. பால் வற்றிய மார்பில் பிள்ளை, மெலிந்த உடம்பு, உலையில் உப்புகூட இல்லை. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இப்போது மறுபடி படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அவள் பறிப்பது புதுச் செடியிலிருந்து அல்ல. முன்பு கொய்த கணுவில் மறுபடி தழைத்த, முற்றாத தளிரை. புலவர் பசியைத்தான் சொல்ல வந்தார். போகிறபோக்கில் அந்த ஒரு கணுவையும் பார்த்துவிட்டார். வேறு எதுவுமில்லாத வீட்டிலும் செடியை வேரோடு பிடுங்காத ஒரு கை இருந்திருக்கிறது. அதே செடிக்கு அவள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள்.

சிறுபாணாற்றுப்படையிலும் இப்படி ஒரு வீடு உண்டு. அங்கே கிணைமகள் குப்பையில் வளர்ந்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். மற்றவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் உண்கிறது. அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போதெல்லாம் அந்தச் சாத்திய கதவு எனக்கு ஞாபகம் வரும்.

இப்போது காட்டுக்கீரைக்கு மவுசு வந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய்க் களைகளைக் காட்டுகிறார்கள். ஆரோவில்லில் நீனா சென்குப்தா என்ற சூழலியலாளர் உண்ணத்தக்க களைகளுக்காகவே வண்ணம் தீட்டும் புத்தகம் போட்டிருக்கிறார். நல்ல யோசனை, குழந்தை ஓர் இலைக்கு வண்ணம் அடிக்கிற நேரத்தில் அதன் நரம்பு மனதில் பதிந்துவிடும். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் 1986 முதல் இருளர் பெண்களின் சங்கம் ஒன்று மூலிகைகளைக் காத்து வளர்த்து வருகிறது. இவையெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் கீரையை ரசிக்கிற நாம் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிடுகிறோம். சாத்திக்கொண்டு சாப்பிட்டவர்களிடமிருந்து கற்றது அது.

புரட்டாசி, முதல் சனி

இந்த மாதம் கீரைக்குக் கிராக்கி. அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் சின்னக் கட்டாகக் கட்டி முடக்கத்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர்களைப் பார்த்து எனக்குள் ஒரு பெருமை. வீட்டுச் சுவரெல்லாம் அதுதானே. கொஞ்சம் அற்பமான பெருமை.

என் மனையிலும் நான் பறிக்காத இடங்கள் உண்டு. ரோட்டை ஒட்டிய ஆறடிக்குப் போவதில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன் வண்டிகள் விட்ட ஈயம் நின்றுவிடவில்லை. அது மக்காது, மண்ணோடு கிடக்கும். கீரைகளில் சில அதை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும் உள்ளே போனது வராது. தெருநாய்க் கணக்கும் ஒன்று உண்டு; அது காலைத் தூக்கும் உயரத்துக்குக் கீழே வெளிப்புறமாக உள்ளதைத் தொடுவதில்லை.

தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. நான் வேலை செய்த பட்டறையின் பின்புறம் வருஷக்கணக்காகக் கட்டிங் ஆயிலும் கூலண்ட் தண்ணீரும் கொட்டிக் கொட்டி மண் கருத்திருந்தது. அந்த இடத்தில் குப்பைக்கீரை வளர்ந்த மாதிரி நான் எங்கும் பார்த்ததில்லை. இலை உள்ளங்கை அகலம். கூட வேலை பார்த்த ஒருவர் மதியம் பறித்து டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு போவார். நானும் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டாள். செழிப்பாக இருப்பதெல்லாம் சுத்தமாக இருப்பதில்லை. சாக்கடை கலக்கிற ஏரிக்கரையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பளபளவென்று நிற்பதும் இந்த ரகம்தான்.

சொந்த மண் என்பதில் எனக்குத் தெரிந்த ஒரே லாபம், அதன் ஜாதகம் நம் கையில் இருப்பது. எங்கே பெயிண்ட் டப்பா கழுவினோம், எங்கே கரையானுக்கு மருந்து ஊற்றினோம் என்பது எனக்குத் தெரியும். தாசில்தார் கொடுத்த பட்டாவில் அது இல்லை.

புரட்டாசி, மகாளய அமாவாசை

சுவர் 2021இல் வந்தது. எதிர்வீட்டில் ஒரு சாரைப்பாம்பு நுழைந்துவிட்டது. உங்கள் மனைப் புதர்தான் காரணம், சுத்தம் செய்யுங்கள் என்றார்கள். எலி பிடிக்க வந்த சாரை அது. யாரையும் ஒன்றும் செய்யாது. சொல்லிப் பார்த்தேன். "மருந்து அடிச்சிடுங்க சார், ஒரே வாரத்துல எல்லாம் கருகிடும்" என்று ஒரு யோசனை வந்தது. அவர்கள் சொன்னது கிளைபோசேட். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசே அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள்தான் அடிக்கலாம் என்று அறிவித்தது. நான் மருந்துக்குச் சம்மதிக்கவில்லை. பதிலுக்கு ஹாலோபிளாக் சுவர், ஐந்தடி உயரம், இரும்பு கேட்டு, பூட்டு.

ஆயா வரவில்லை. பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையைச் சுவர் செய்துவிட்டது.

அந்த வருஷம் கீரை கொழிக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டும்? வாரம் ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் ஆள் உயரத்துக்கு முற்றி, பூத்து, காய்ந்து சாய்ந்தது. தளிர் தேடினால் கிடைப்பதில்லை; எல்லாம் தண்டு. சாரணை மட்டும் மெத்தை மாதிரி படர்ந்து மற்றவற்றை மூடியது. ஓரத்தில் பார்த்தீனியம் நுழைந்தது. 1950களில் புனே பக்கம் முதலில் கண்ட அமெரிக்கச் செடி, இன்று நாடு முழுக்க. தொட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். கையுறை போட்டுப் பூக்கும் முன்னால் பிடுங்குகிறேன். இந்த மனையில் நான் வேரோடு எடுப்பது அது ஒன்றுதான்.

அளவுக்கு மீறிப் பறித்தால் நிலம் கெடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான். பறிக்க ஆளில்லாமல் போனாலும் அது நாம் விரும்பிய நிலமாக இருப்பதில்லை என்பதை எனக்கு இந்தச் சுவர் காட்டியது. அங்கே இத்தனை நாள் விளைந்துகொண்டிருந்தது கீரையும் ஆயாவும் சேர்ந்து செய்த ஒன்று. நான் வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

சுவீடனிலும் பின்லாந்திலும் காட்டுப் பழம், காளான் எல்லாம் அடுத்தவர் காட்டில் போய்ப் பறிக்க எவருக்கும் உரிமை உண்டு. நம் ஊரில் அப்படி எழுதிய சட்டம் இல்லை. ஆனால் களை எடுக்கப் போன பெண்கள் முந்தானையில் கீரையைக் கட்டிக்கொண்டு வந்தால் எந்த நிலக்காரரும் கணக்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நெல்லுக்குச் சொந்தக்காரர் உண்டு. களைக்கு இல்லை. வேறு எந்த மொழியில் களை என்ற சொல்லுக்கு முகத்தின் அழகு என்றும் பொருள் இருக்குமோ தெரியாது; நம்மிடம் இருக்கிறது.

ஐப்பசி, அடைமழைக்கு நடுவே

காலையில் ஒரு மணி நேரம் வெயில் அடித்தது. பருப்புக்கீரைத் திட்டின் மேல் ஒரு பட்டாம்பூச்சி தாழப் பறந்து, இலை இலையாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் கலந்த செம்பழுப்பு இறக்கை. முனையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் பட்டை. எருக்கஞ்செடியில் வளரும் பட்டாம்பூச்சி இப்படித்தான் இருக்கும். அதற்குப் பருப்புக்கீரையில் என்ன வேலை?

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. எருக்குப் பாலில் நஞ்சு உண்டு. அதன் இலையைத் தின்று வளரும் புழு அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பெரிதாகி இறக்கை முளைத்த பிறகும் அது போவதில்லை. ஒருமுறை அதைக் கொத்திய பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் வராது. இன்னொரு பட்டாம்பூச்சி இருக்கிறது. அதன் புழு தின்பது பருப்புக்கீரையை. அதில் நஞ்சே இல்லை. எனவே அதன் பெண், எருக்கில் வளர்ந்ததைப் போலவே உடுத்திக்கொள்கிறது. பறவை ஏமாந்து விட்டுவிடும். ஆணுக்கு அந்த வேஷம் கிடையாது. கறுப்பு இறக்கையில் ஊதா ஓரமிட்ட பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு பந்தாவாகத் திரியும்.

தென்கிழக்கு மூலையில் எருக்கு. அதற்கு நாலடி தள்ளிப் பருப்புக்கீரை. ஒன்றை நான் தொடமாட்டேன், ஒன்றைக் கடைந்து சாப்பிடுகிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நஞ்சின் நிழலில் நின்றுகொண்டு கீரை ஒரு பிள்ளையை வளர்க்கிறது.

அன்றிலிருந்து அந்த மூலையில் பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டிவிட்டேன். அங்கே பறிப்பதில்லை. ஏதாவது முற்றி விதை கொட்டட்டும். புளியாரையும் அங்கே விட்டிருக்கிறேன். அதிலும் ஒரு நகம் அளவு சாம்பல் நீலப் பட்டாம்பூச்சிக்குப் பிள்ளைப்பேறு நடக்கிறது. இலையில் ஓட்டை இருந்தால் முன்பு ஒதுக்கிப் போடுவேன். இப்போது முதலில் திருப்பிப் பார்க்கிறேன், யாராவது இருக்கிறார்களா என்று.

ஐப்பசி, மழை விட்ட ஒரு மாலை

சமையலைப் பற்றிச் சுருக்கமாக. சாரணையில் உச்சித் தளிர் மட்டும். முற்றினால் வயிற்றைக் கலக்கும். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலிக் அமிலம் அதிகம். என் மனைவிக்கு ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து பட்ட பாடு போதும். அவள் தட்டில் இவை இரண்டும் விழுவதில்லை. மூக்கிரட்டை இலை ஒரு பிடி, குப்பைக்கீரை இரண்டு பிடி, இருந்தால் நாலு முசுமுசுக்கை, பூண்டு, காய்ந்த மிளகாய், மண்சட்டி, மத்து. எந்த நாளும் ஒரே கலவை வருவதில்லை. மனை என்ன கொடுத்ததோ அதுதான் அன்றைய குழம்பு.

மூக்கிரட்டை வேரைத் தோண்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஒருவர் கேட்டும் வந்தார். கொடுக்கவில்லை. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற நாட்களில் இந்த மனையில் எல்லாம் கருகிப்போயிற்று. அப்போதும் பச்சையாக நின்றவை வேலியோரப் பிரண்டையும் இந்த மூக்கிரட்டையும். ஆழத்தில் இருந்த வேர் அது. இலையைக் கிள்ளினால் அடுத்த மழைக்கு வரும். வேரை எடுத்தால் அடுத்த வறட்சிக்கு ஒன்றும் இருக்காது.

கார்த்திகை, தொடக்கம்

புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் நினைவு வந்தது. மனையில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் சாக்கடையும் கலந்திருந்தது. வடிந்தபின் கீரைகளெல்லாம் சேறு பூசி நின்றன. அந்தப் பருவம் முழுக்க ஒரு இலை பறிக்கவில்லை. எல்லாவற்றையும் பூக்கவிட்டு, விதை கொட்டவிட்டு, காயவிட்டேன். அடுத்த ஆடி மழைக்குப் பிறகுதான் கைவைத்தேன். அந்த ஏழெட்டு மாதம் தினமும் காலையில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். பறிக்காமல் பார்க்கிறபோது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. கை காலியாக இருந்தால் செடி கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

கார்த்திகை, தீபத்துக்கு முந்தின நாள்

கேட்டின் பூட்டை எடுத்துவிட்டு நாதாங்கி மட்டும் போட்டு ஒரு மாதம் ஆகிறது. ஆயா உள்ளே வரவில்லை. போன வாரம் சி.டி.எச். ரோட்டில் பார்த்தேன். மெலிந்திருந்தார். சாக்குப் பை அதே பைதானா என்று தெரியவில்லை.

"கேட்டு தொறந்துதான் ஆயா இருக்குது. வாங்க."

"உள்ள எதுக்குத் தம்பி வரணும்? நான்தான் வந்துகினு இருக்கறனே."

"எப்ப?"

"சொவரு கட்னது முடக்கத்தானுக்கு நல்லதாப் போச்சு. ஏறி அந்தாண்ட வுழுந்து கெடக்குது. ரோட்டுல நின்னே கிள்ளிக்கிறேன்." சிரித்தார். "நாயி எட்டாத எடம்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சுவருக்கு வெளிப்பக்கம் போனேன். இத்தனை நாள் உள்ளே இருந்து மட்டும் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் முடக்கத்தான் நீள நீளமாக ஓடி, பலூன் காய்களாகத் தொங்குகிறது. உடைத்தால் கறுப்பு விதை, விதையில் வெள்ளையாக ஒரு இதயம். இலைகள் முற்றி மஞ்சளாகிவிட்டன. சுவருக்கு மேலே ஏறித் தெருப்பக்கம் சரிந்த பகுதி அடர்த்தியாக, குட்டையாக, இளம்பச்சையாக இருந்தது. கொடி கொடியாகத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கிள்ளிய கணு. கணுவுக்கு இரண்டு கிளை. அந்தக் கிளையிலும் கிள்ளிய அடையாளம். எத்தனை வாரமாக வந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிவிடலாம் போல இருந்தது.

சுவரை வெள்ளையடிக்கும்போது தெருப்பக்கம் தொங்குவதையெல்லாம் வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். பெயிண்டரைக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும், உள்பக்கம் மட்டும் அடித்தால் போதும். வெளியே தெரிகிற பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே அடிக்கச் சொல்கிற ஆளை அவர் இப்போதுதான் பார்த்தாராம்.

இன்று காலை மூட்டுவலி அதிகம் என்று மனைவி தோசைக்கு முடக்கத்தான் கேட்டாள். உள்பக்கம் இருப்பதெல்லாம் முற்றல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி, சுவரைச் சுற்றிப் போனேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன சார், உங்க வீட்டுக் கீரையையே ரோட்டுல நின்னு திருடறீங்க?" என்றார். மூன்று கணு விட்டுக் கிள்ளினேன். ஒரு பிடி போதும் என்றிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆயா வருகிற நாள்.